நடுவில் விளையாடிய மகனுக்கு

என் ராசா,

இந்தக் கடிதம் வந்ததும் நீ அதை மாமியிடம் கொடுப்பாய் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தமிழ் வாசிக்க வராது என்று அவா முன்பே எழுதியிருந்தா. அதனால் இது உனக்கு எழுதினதுதான் என்றாலும், என் மச்சாளின் வாயால்தான் உன் காதுக்கு வரப்போகிறது. மச்சாள், உங்களைப் பற்றியும் இதில் இருக்கிறது. கோபப்படாமல், ஒரு வரியையும் விடாமல் வாசியுங்கோ. அவனுக்கு விளங்காத சொல் வந்தால் நிற்பாட்டி விளங்கப்படுத்துங்கோ. பகலில் வாசித்தால் நல்லது. எனக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்துகொண்டு வருகிறது. வெயில் நல்லாக ஏறின பிறகு முற்றத்தில் கதிரையைப் போட்டு, எழுத்துத் தெரியும் வரைக்கும் எழுதிவிட்டு, மிச்சத்தை அடுத்த நாளுக்கு வைக்கிறேன்.

வவுனியாவில் நான் தொலைபேசி எடுத்தபோது அப்பாவைப் பற்றி நீ ஒரு கேள்வி கேட்டாய். அந்த இடத்தில் நான் "இல்லை" என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை, ஆனால் அது போதாது. அவர் ஏன் உனக்கு ஒரு வரி எழுதவில்லை, மாமி அனுப்பின உன் படங்களைக் கடைசியில் ஏன் கையால் தொடாமல் விட்டார், பிறகு சாகும்வரை உன்னைப் பற்றி ஊரில் ஏன் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை என்பதெல்லாம் நான் சொன்னால்தான் உண்டு. இதை அறிந்த வேறு ஆள் இப்போது இல்லை.

நீ போனது எட்டு வயதில். மாமிக்குப் பிள்ளை இல்லை. மாமா முதலே ஜெர்மனிக்குப் போய் வேலை எடுத்திருந்தார். மாமி பின்னால் போகும்போது உன்னையும் தன் பிள்ளையாகக் கூட்டிக்கொண்டு போனா. அந்த முடிவை எடுத்தவர் அப்பாதான். இங்கே இருந்தால் படிப்பும் இல்லை, உயிருக்கும் உறுதி இல்லை என்றார். பரந்தன் சந்தியில் உங்களை பஸ் ஏற்றிவிட்டு வந்த அன்று நான் அழுதேன், அவர் அழவில்லை. போவதற்கு முதல் கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவில் உன்னை நிறுத்தி ஒரு படம் எடுப்பித்தோம். நீலக் காற்சட்டை, கழுத்துப் பொத்தான் வரை பூட்டின வெள்ளைச் சட்டை. உன்னுடையது என்று வீட்டில் இருந்தது அந்த ஒரு படம்தான்.

தொடக்கத்தில் எல்லாம் சந்தோசமாகத்தான் இருந்தது. ஜெர்மனி உலகக் கிண்ணம் வென்ற வருசம் உனக்குப் பதின்மூன்று வயது. அப்போதுதான் சண்டை மறுபடி தொடங்கி, மண்ணெண்ணெயும் பற்றறியும் வராமல் நின்றுவிட்டது. பக்கத்து வளவுச் சின்னராசா அண்ணர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ பாடவைப்பார். வெற்றிச் செய்தி கேட்ட அன்று அப்பா அந்த வளவில் நின்ற எல்லாருக்கும் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொடுத்தார். "என்ரை மகன்ரை நாடு வெண்டிட்டுது" என்றார். நீ அந்த ஊர்ச் சிறுவர் அணியில் விளையாடுகிறாய் என்று மாமி எழுதியிருந்தா. முன்னுக்கும் இல்லையாம், பின்னுக்கும் இல்லையாம், நடுவில் நிற்கிறாயாம், எந்தப் பந்தும் உன் காலைத் தொட்டுத்தான் மறு பக்கம் போகுமாம். அப்பா அதைப் பொடியள் கேட்டாலும் பெரியவர்கள் கேட்டாலும் மண்ணில் தடியால் கோடு கீறி, நடுவில் ஒரு புள்ளி வைத்துக் காட்டுவார். "இவன்தான் எங்கடை ஆள்."

பிறகு படங்கள் வரத் தொடங்கின. தபால் மாதக் கணக்கில் பிந்தி வரும். சில வேளை வவுனியாவிலிருந்து வருகிற ஆட்களின் கையில் வரும். ஒவ்வொரு படத்திலும் நீ வேறொரு ஆளாக இருந்தாய். முகம் நீண்டிருந்தது. தலைமயிர் வெட்டு வேறு. சிரிப்பு வேறு, எங்கள் வீட்டில் ஒருத்தரும் அப்படிப் பல்லைக் காட்டிச் சிரிப்பதில்லை. நான் அதில் உன் தகப்பனின் நெற்றியைத் தேடிப் பிடித்து மனதை ஆற்றிக்கொள்வேன். அப்பா படத்தை வெயிலில் கொண்டுபோய்ச் சரித்துச் சரித்துப் பார்ப்பார். பார்க்கிற நேரம் வருசா வருசம் கூடிக்கொண்டு வந்தது. கதைப்பது குறைந்துகொண்டு வந்தது.

அவருக்கு ஒரு தம்பி இருந்தது உனக்குத் தெரியாது. அப்பாவின் ஆட்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். ஒரு பகுதி இங்கே வன்னிக்கு வந்தது. தம்பியை ஒரு சித்தப்பா இந்தியாவுக்குக் கப்பலில் கூட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து தம்பி எழுதினதாகக் கடிதம் வந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடம் போகிறேன், ஆடு வளர்க்கிறேன், ஆட்டுக்கு இன்ன பேர் வைத்திருக்கிறேன் என்றெல்லாம் எழுதியிருக்கும். இரண்டு வருசத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, பிள்ளை கப்பலால் இறங்கின கையோடு காய்ச்சலில் போய்விட்டது. தாய் தாங்கமாட்டா என்று சித்தப்பா தன் கையால் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். உன் அப்பா அந்தக் கடிதங்களைத் தாய்க்கு உரத்து வாசித்துக் காட்டினவர். செத்த பிள்ளையின் சொல்லைத் தன் வாயால் சொன்னவர். அந்தக் கதையை என்னிடம் கலியாணமான புதிதில் ஒருமுறை சொன்னார். பிறகு அதை எடுக்கவே இல்லை.

நீ பெரிய அணியில், சம்பளத்துக்கு விளையாடுகிறவனாகச் சேர்ந்த வருசம் ஒரு அட்டை வந்தது. சாமிப்படம் போலப் பளபளப்பான அட்டை. பச்சைப் புல்லுக்கு முன்னால் நீ கைகட்டி நிற்கிறாய். கீழே ஒரு கையெழுத்து. அங்கே ஆயிரக்கணக்கான சனத்துக்கு இதைக் கொடுப்பார்களாம், உன் கையெழுத்தை வாங்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்களாம் என்று மாமி எழுதியிருந்தா. எனக்குப் பெருமையாக இருந்தது. அட்டையில் அச்சடித்திருந்த பெயரைச் சின்னராசா அண்ணர் எழுத்துக்கூட்டி வாசித்தார். அது மாமாவின் பெயரில் பாதி. பத்திரத்தில் நீ அவர்களுடைய பிள்ளை அல்லவா, வாய்க்கு நீளமாக இருக்கிறது என்று அணிக்காரர் வெட்டியிருக்கிறார்கள். அப்பா அதைக் கேட்டுவிட்டு அட்டையைத் திரும்ப என் மடியில் வைத்தார். "இதிலை எங்கடை ஆள் எங்கை?" என்றார். உன் பெயரும் இல்லை, அவர் பெயரும் இல்லை, முகமும் அவருக்குத் தெரியவில்லை.

அந்த வருசம் அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. பொழுது படுகிற மைமல் நேரத்தில் அப்பா மாடு சாய்க்கப் போனார். மாடுகள் தாமாகவே வந்து பட்டிக்குள் ஏறிவிட்டன, அவரைக் காணவில்லை. நான் பின்வேலிப் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டு மூட முதல் வந்தார். கிணற்றடியில் கால் கழுவினார். பிறகு, மாடு கன்று போட்டதைச் சொல்லுகிற மாதிரி என்னிடம் சொன்னார்.

"அவன் வயலுக்கை நிக்கிறான்."

ஆர் என்று கேட்டேன்.

"எங்கடை பெடியன். அதே நீலக் காற்சட்டை. பந்து உதைச்சுக்கொண்டு நிக்கிறான். வளரேல்லை."

நான் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. கூப்பிட்டாராம், நீ திரும்பிப் பார்த்தாயாம், பிறகு விளையாட்டைத் தொடர்ந்தாயாம். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு மைமலும் வயலுக்குப் போனார். மாரியில் வயலில் தண்ணீர் நின்றபோதும் வரம்பில் போய்க் குந்தியிருந்தார். நான் பின்னால் போய்ப் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் கண் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு, உருளுகிற ஒன்றைப் பார்க்கிற மாதிரி, போய்ப் போய் வந்தது. எங்கள் நாயும் அவர் பார்த்த பக்கமே தலையைத் திருப்பிக்கொண்டு, வாலை மடித்து, குரைக்காமல் நின்றது.

அவருடைய கணக்கு இதுதான். வழியில் செத்த பிள்ளைதான் வயதேறாமல் நிற்கும், வீடு தேடி வரும். நீ போகிற வழியிலேயே எங்கேயோ செத்துவிட்டாய். நாங்கள் தாங்கமாட்டோம் என்று மாமி யாரோ ஒரு பொடியனின் படங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறா. மச்சாள், இந்த இடத்தில் நிற்காதேங்கோ, வாசியுங்கோ. அவர் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினது ஞாபகம் இருக்கும். 'பிள்ளை இல்லையென்றால் சொல்லு, நான் தாங்குவேன்' என்று மட்டும் எழுதியிருந்தார். நீங்கள் பதறிப்போய், இன்னும் அதிகமாகப் படங்களும் பேப்பர் துண்டுகளும் அனுப்பினீர்கள். நீங்கள் எவ்வளவு அனுப்பினீர்களோ அவ்வளவுக்கு அவர் உறுதியானார். "பொய்க் கடிதத்திலைதான் விவரம் கூட இருக்கும்" என்றார். ஒருநாள் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து, இது இந்த வருசப் படம் இல்லை, போன வருசத்ததும் இதுவும் ஒரே நாள் எடுத்தது என்றார். வெளிநாட்டில் எல்லாப் புல்லும் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்று நான் சண்டை பிடித்தேன்.

மாதக் கணக்கில் பிந்தி வந்த ஒரு பேப்பர் துண்டில் நீ புல்லில் மல்லாந்து கிடந்தாய். கண் மூடியிருந்தது. சுற்றிவரக் காற்சட்டைக்காரர் குனிந்து நின்றார்கள். விழுந்துவிட்டான், பயப்பட ஒன்றுமில்லை என்று மாமி எழுதியிருந்தா. அப்பா அந்தப் படத்தை மட்டும் கையில் வாங்கிக் கனநேரம் வைத்திருந்தார். மற்றப் படங்கள் எதையும் நம்பாதவர், அந்த ஒன்றை நம்பினார். அடுத்த அமாவாசைக்கு முல்லைத்தீவுக் கடலுக்குச் சைக்கிளில் போய், ஐயரைப் பிடித்து, உனக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு வந்தார். படையலுக்குச் சமைக்கச் சொன்னார். "என்ரை பிள்ளை உயிரோடை இருக்குது. நான் சமைக்கமாட்டன்" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. தானே உலை வைத்து, தானே படைத்து, ஸ்ரூடியோப் படத்துக்கு மாலை போட்டார். நான் உன் அட்டையை எடுத்து எதிர்ச் சுவரில் குத்தினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நீ இரண்டு சுவரிலும் இருந்தாய். ஒரு சுவரில் செத்தவனாக, மறு சுவரில் கைகட்டிச் சிரித்தபடி. நடுவில் நாங்கள் இரண்டு பேரும் பாயைப் போட்டுப் படுத்தோம்.

அந்த நாட்களில் றீற்றா எங்கள் வளவில் வந்து கொட்டில் போட்டாள். கொக்கிளாய்ப் பக்கத்துக் கடற்தொழிலாளி ஒருவரின் விதவை, ஊர் ஊராக இடம்பெயர்ந்து வந்தவள். நல்லவள். வந்த புதிதில் அரிசி களைகிற அரிக்கன்சட்டி இரவல் வாங்க வீட்டுக்குள் வந்து இரண்டு சுவரையும் பார்த்துவிட்டு, "மூத்தவர் வெளியிலையோ அம்மா? மாலை போட்ட இளையவர்தான் மோசம் போயிட்டாரோ?" என்று மெல்லக் கேட்டாள். அப்பா முற்றத்தில் இருந்தார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் இரண்டு பிள்ளைகள் என்றே நினைத்துக்கொண்டாள்.

இதுவரை ஒருவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பின்னேரம் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நிற்கிறேன், பின்சுவரில் 'தும்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'தும்'. பீரங்கிச் செல் விழுகிற சத்தம் எங்களுக்குப் பழக்கம், அது இல்லை. ஒருவர் பந்தை உதைத்து, அது சுவரில் பட்டுத் திரும்பி வர, மறுபடி உதைக்கிற சத்தம். சுற்றிப் போய்ப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மண்சுவரில் என் இடுப்பளவு உயரத்தில் வட்டமாக அடையாளங்கள் இருந்தன. தொட்டுப் பார்த்தேன், புழுதி விரலில் ஒட்டியது. உடனே சாணியும் மண்ணும் குழைத்து மெழுகி அழித்தேன். அடுத்த கிழமையும் வந்தது. அப்போதும் மெழுகினேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் சொல்வது சரி என்று ஆகிவிடுமே என்ற பயம்தான், பேய்ப் பயம் இல்லை. மெழுகிக்கொண்டிருக்கும்போது என் வாய், நீ அங்கே உயிரோடு இருக்கிறாய், நீ அங்கே உயிரோடு இருக்கிறாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

போன வருசம் அப்பா மலேரியாவில் போனதை அப்போதே எழுதினேன், மிச்சத்தை இப்போது சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை. மூன்றாம் தரம் குளிர் எடுத்தபோது எழும்பி இருந்து, "அவன் வாசலிலை வந்து நிக்கிறான், சோத்தைப் போடு" என்றார். இந்த முறை நான் மறுக்கவில்லை. கோப்பையில் சோறும் பருப்பும் போட்டு வாசற்படியில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே படுத்தார். விடியமுதல் மூச்சு நின்றுவிட்டது. அவர் மனம் ஆறித்தான் போனார், ராசா. அதை நீ அறிய வேண்டும்.

இந்த வருசம் கண் காட்ட வவுனியாவுக்குப் போக அனுமதிப் பாஸ் கிடைத்தது. ஆஸ்பத்திரி வேலை முடிந்து நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் மனுசரின் தொலைபேசிக் கடைக்குப் போனேன். மைமல் நேரம், அவர் கதவைப் பாதி சாத்திவிட்டார். மாமியின் நம்பரைக் காட்ட, பரவாயில்லை, கதையுங்கோ என்று தானே அழுத்தித் தந்தார். முதலில் மாமிதான் எடுத்தா. என் குரலைக் கேட்டதும் அழுதுகொண்டு, உன் முழங்கால் முறிந்து இரண்டு வருசமாக நீ விளையாடவில்லை, இரண்டு முறை வெட்டி வைத்தியம் செய்தும் சரிவரவில்லை, எங்களுக்குச் சொல்லப் பயந்து பழைய படங்களையே அனுப்பினேன் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னா. நான் அவாவில் கோபப்படவில்லை. ஒரே நாள் எடுத்த படம் என்று அப்பா சொன்னது எவ்வளவு சரி என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு நீ வந்தாய். மொத்தமான குரல். அப்பாவின் குரலைவிடத் தாழ்வு. அட்டையில் இருந்த மனுசனுக்குப் பொருத்தமான குரல். அந்தக் குரல் சொன்னது: "அம்மா, எனக்குக் கால் நோ. இனிமேல் என்னைப் பந்தடிக்க விடமாட்டினமாம்."

முழங்காலில் தோல் உரிந்து வந்து குசினி வாசலில் நின்று சொல்லுவாயே, அந்தச் சொல். அந்த இழுவை. நீ எட்டு வயதில் கொண்டுபோன தமிழ் அப்படியே இருந்தது. ஒரு சொல் கூடவில்லை. நீ பந்து விளையாடியது, சம்பளம் வாங்கியது, சனம் உன் பெயரைக் கத்தியது, மாமி சொன்ன அந்தப் பெண்ணை விரும்பியது எல்லாம் வேறு மொழியில் நடந்திருக்கிறது. என்னோடு கதைக்க வந்தது அந்த நீலக் காற்சட்டைப் பிள்ளை. உனக்கு எல்லாமாக இருந்த ஒரு தொழில் முடிந்ததை, மிட்டாய் பறிபோன மாதிரி என்னிடம் முறையிட்டது. பிறகு கொஞ்சம் பொறுத்துக் கேட்டாய்.

"அப்பா என்னோடை கோவமோ?"

இல்லை என்றேன். அதோடு தொலைபேசியை வைத்துவிட்டேன். நானா தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

கோபம் இல்லை, ராசா. அவர் உன்னைப் பார்க்காமல் ஒரு பொழுதும் இருந்ததில்லை. அங்கே இருந்தவனைத்தான் அவருக்குத் தெரியாமல் போனது. கால் நோ என்று நீ சொன்ன அந்த ஒரு வசனத்தை அவர் காதால் கேட்டிருந்தால் என்று நினைத்து நினைத்து என் நித்திரை போகிறது. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி பெரிதாக ஒன்றும் இல்லை. நீ கட்டப்போகிற பிள்ளையிடம் உன் கால் நோவை மறைக்காதே. மனம் தாங்காது என்று நினைத்து ஒருவருக்கும் நல்ல செய்தி மட்டும் அனுப்பாதே. உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால், எந்தக் காரணம் வந்தாலும், அதை ஒருவர் கையிலும் பிடித்துக் கொடுத்து அனுப்பாதே. மாமி உன்னைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தா. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனாலும் அனுப்பாதே.

வவுனியாவிலிருந்து நான் வீடு வந்து சேர நாலைந்து நாளாகிவிட்டது. றீற்றா படலையடியிலேயே நின்றாள். கையில் செபமாலை. என்னை இருக்கவிட்டு, மெல்ல மெல்லச் சொன்னாள். நான் இல்லாத ஒரு மைமல் பொழுதில் வயல் பக்கமாக ஒரு நெடுவல் ஆள் வந்தாராம். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தாராம். வெளியில் இருக்கிற மூத்தவர்தான் வந்துவிட்டார் என்று அவள் சந்தோசப்பட்டு, அம்மா வவுனியாவுக்குப் போய்விட்டா, உள்ளே வந்து இருங்கோ என்று கூப்பிட்டிருக்கிறாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பின்சுவருக்குப் போய் நின்றாராம். அங்கிருந்து திரும்பி வரும்போது கையில் ஒரு பிள்ளையைப் பிடித்திருந்தாராம். மாலை போட்ட படத்தில் இருக்கிற பிள்ளை. இரண்டு பேரும் றோட்டுப் பக்கம் போனார்களாம். பிள்ளை முன்னுக்கு இழுத்துக்கொண்டு நடந்ததாம். அவர் கால் ஏலாமல் பின்னால் போனாராம்.

எந்த நாள் என்று கேட்டேன். நான் உன்னோடு கதைத்த நாள்.

உனக்கு அன்றைக்கு ஏதாவது தெரிந்ததா என்று நான் கேட்கமாட்டேன். நீயும் எனக்குச் சொல்ல வேண்டாம். அதற்குப் பிறகு பின்சுவரில் சத்தம் கேட்டதில்லை. நாய் வயலுக்குள் ஓடி உருண்டு விளையாடுகிறது.

றீற்றா என் காலடியில் குந்தியிருந்தாள். செத்த தம்பியைத் தமையன் வந்து கூட்டிக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன் அம்மா, உங்களுக்குச் சொல்லாமல் இருக்க ஏலாது என்று அழுதாள். நான் அவள் தலையில் கை வைத்தேன். இத்தனை நாளும் அவளுக்குச் சொல்லாமல் விட்டதை அப்போதுதான் சொன்னேன்.

"அது ரெண்டு பேரில்லை, றீற்றா. ஒருத்தன்தான்."

உன் அம்மா